மெட்டு யாருடையது?

முதன்முதலாக அந்தத் தாளத்தைக் கேட்டபோது அது தோலில் எழவில்லை, தகரத்தில் எழுந்தது.

காங்கேயத்துத் தேங்காய்க் களங்களைக் கண்டவர் அறிவர். உடைத்த தேங்காய்கள் வெயிலில் வெண்பற்களைக் காட்டிச் சிரித்தபடி பரந்து கிடக்கும். அவற்றைப் புரட்டிப் போடும் கைகளுக்கு உரியவர்களோ சிரிக்கவும் நேரமின்றிக் குனிந்து நிற்பர். அப்படியொரு களத்தின் வேலியோரம், நண்பகல் உணவு வேளையில் வண்டியை நிறுத்தினோம். எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, இரண்டு விறகுக் குச்சிகளால் ஓர் இளைஞர் தட்டிக் கொண்டிருந்தார். தூக்குப்போசியைத் திறந்து வைத்தபடி நான்கைந்து பெண்கள் தலையசைத்துக் கேட்டுக் கொண்டிருந்தனர்.

அன்று நம் சட்டைப் பையில் ஒரு பாட்டு இருந்தது. பள்ளி ஆண்டுவிழாவிற்காக நாமே எழுதியது. நூற்பாலை வேலைக்குப் போய்விட்ட அக்காளை, வகுப்புக்குத் திரும்பி வா என்று தங்கை அழைக்கும் பாட்டு. கொங்கு நாட்டில் அத்தகைய அக்காள்கள் எத்தனை பேர் என்று அறியப் புள்ளிவிவரம் தேட வேண்டியதில்லை. வகுப்பின் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே போதும். சொல் இருந்தது, சூடு இருந்தது, எதுகை இருந்தது, மோனை இருந்தது. மெட்டு மட்டும் இல்லை! ஒரு வாரமாகச் சினிமா மெட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். இரவல் சட்டைபோல் ஒன்று தோளில் இறுக்கிற்று, ஒன்று இடுப்பில் நழுவிற்று. அந்தத் தகரத்தின் ஒலியைக் கேட்டதும் பாட்டின் முதலடி தானே எழுந்து அதன்மேல் ஏறி அமர்ந்து கொண்டது.

வேலியைச் சுற்றிச் சென்று காகிதத்தை நீட்டினோம். படித்தார். மீண்டும் ஒருமுறை படித்தார்.

"பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. மூச்சு உடறதுக்குத்தான் எடமே காணோமுங்க, வாத்தியாரே."

எண்சீர் விருத்தம், தோழர்களே! கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்தோர் தட்டிக்கொடுத்த விருத்தம்! பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பருப்பு உலர்த்தும் களத்தில் நாட்கூலிக்கு நிற்பவர், அதில் மூச்சு இல்லை என்கிறார். சினம் வந்தது என்பதை மறைப்பானேன்? வந்தது. ஆனால் அவர் நம் வரியை இரண்டாக வெட்டினார். வெட்டிய இடத்தில் தகரத்தை இருமுறை தட்டினார். பிள்ளைகள் அங்கே மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த அடிக்குத் தாவலாம் என்று பாடிக் காட்டினார். சினம் போய்விட்டது, நட்பு வந்துவிட்டது.

அன்று முதல் மாலைதோறும் பி.ஏ.பி. வாய்க்கால் கரையில் சந்தித்தோம். தண்ணீர் வரும் நாட்களைவிட வராத நாட்களே மிகுதியான வாய்க்கால். ஆகவே எங்கள் இருவருக்கும் இடையூறு இல்லை. அங்குதான் அவர் முதன்முதலாகத் தப்பட்டையைக் கொண்டுவந்தார். வேப்பமரச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல். இடக்கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி, அதன் அனலில் தோலைக் காட்டிக் காட்டிச் சுருதியேற்றுவார். பனி இறங்கினால் தோல் தளரும், மீண்டும் தீ. எத்தனை பொறுமை! தம்பூராவுக்குச் சுருதி கூட்டும் வித்துவான் அரைமணி எடுத்துக்கொண்டால் அதனைக் கலை என்கிறோம். ஓலைத் தீயின் முன் ஒருவர் அரைமணி குந்தியிருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

அந்தத் தப்பட்டைக்கு ஒரு கதை உண்டு. அவருடைய தந்தையார் அதனைப் பரண்மேல் போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், நள்ளிரவானாலும், காய்ச்சலில் கிடந்தாலும், ஆள் வந்து அழைத்தால் எழுந்து போயாக வேண்டும் என்றிருந்த கட்டாயத்தை வெறுத்து, இனி இதனைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தவர் அந்தப் பெரியவர். மகன் அதனைப் பரணிலிருந்து இறக்கியபோது தந்தை மகனோடு பேசவில்லை. "நான் கீழ போட்டதை நீ ஏன் எடுக்கறே?" என்று மட்டும் கேட்டாராம். விட்டொழிக்க வேண்டிய இழிவா, மீட்டெடுக்க வேண்டிய உரிமையா? மேடையில் நாம் இதற்கு ஒரே மூச்சில் விடை சொல்லிவிடுவோம். அந்த வீட்டில் அந்த வினாவோடு இருவர் ஒரே கூரையின் கீழ் உறங்கி எழுந்தனர். தந்தையும் சரி, மகனும் சரி என்றே இன்றளவும் நமக்குத் தோன்றுகிறது.

ஒருநாள் நண்பரை நம் இல்லத்திற்கு அழைத்தோம். நம் வீட்டார் முகம் சுளிக்கவில்லை. வாங்க என்றனர், நாற்காலி தந்தனர், தேநீரும் வந்தது. நமக்கு எவர்சில்வர் டம்ளரில்; நண்பருக்குத் தாள் கோப்பையில். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டதென்று மேடையேறி முழங்கியவர்கள்தாம் நாம். குவளை ஒழிந்தது, உண்மைதான், இரட்டை ஒழியவில்லையே! நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. குடித்து முடித்துக் கோப்பையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கும் துணிவு நமக்கு வரவில்லை. நம் டம்ளரை மட்டும் வெகுநேரம் கையில் வைத்திருந்தோம்.

இனிச் சொல்ல வேண்டியது நம் குற்றம்.

ஆண்டுவிழாவிற்கு இரண்டு நாள் இருக்கையில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் பள்ளிக்கு வந்தனர். பந்தலும் ஒலிபெருக்கியும் அவர்கள் கொடை. ஒத்திகையைக் கேட்டிருக்கிறார்கள். "பாட்டு ரொம்ப நல்லா இருக்குதுங்க சார். அந்த மேளம் மட்டும் வேண்டாமுங்க. எழவுக்கு அடிக்கறதைப் பள்ளிக்கூடத்து மேடையில அடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றனர். அன்பாகத்தான் சொன்னார்கள். தடியெடுத்து வந்திருந்தால் எதிர்த்து நின்றிருப்போமோ என்னவோ! கைகூப்பி வந்ததால் வாயடைத்து நின்றோம்.

என்ன சொல்லியிருக்கலாம்? எத்தனையோ! இதே காங்கேயம், காளைக்குப் பேர் போன ஊர். திமிலைத் தடவிப் பார்த்துப் பெருமை பேசாத ஆளே இங்கு இல்லை. அந்த இனம் உயிரோடு நின்றால் ஊருக்கு மானம். அதன் தோல் மரச்சட்டத்தில் ஏறினால் மேடைக்குத் தீட்டா? மிருதங்கத்தில் இருப்பது மட்டும் பட்டுத்துணியா? பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் சேர்ந்துதானே மிருதங்கம்! அதனைச் செய்யும் கைகளைப் பற்றிச் சங்கீத மேடையைச் சேர்ந்த டி.எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். தொல்காப்பியம் நிலத்துக்கு நிலம் கருப்பொருள் வகுக்கையில் பறையையும் ஒன்றாகச் சேர்த்தது. எழவுப் பட்டியலில் சேர்க்கவில்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைச் சிறப்பித்து வைத்தார். இத்தனையும் நமக்கு மனப்பாடம். ஆண்டுதோறும் தேர்வுக்கு எழுதி மதிப்பெண் வாங்கியவை. அன்று, அந்தத் தாழ்வாரத்தில், ஒன்றும் நாவுக்கு வரவில்லை. "சரிங்க" என்றோம். அந்த ஒரு சொல்தான் வந்தது.

விழா நடந்தது. மின்விசைப் பெட்டியொன்று தானே அடித்துக்கொள்ளும் எந்திரத் தாளத்திற்குப் பிள்ளைகள் பாடினர். மெட்டு நண்பருடையது, மூச்சுவிடும் இடம் நண்பர் வெட்டித் தந்தது. ஒலிபெருக்கியிலோ, பாட்டும் இசையும் என்று நம் பெயர் ஒலித்தது! மறுத்தோமா? இல்லை. பொன்னாடை போர்த்தினர். குனிந்து வாங்கிக்கொண்டோம். குனிந்த தலை நிமிர்ந்தபோது, சுற்றுச்சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில், தாய்மார் கூட்டத்தின் ஓரமாக அவர் நிற்பது தெரிந்தது. கைதட்டிக் கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை வாய்க்கால் கரைக்குப் போக மனமில்லை. போனோம். ஏசுவார் என்று எதிர்பார்த்தோம், ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "மூணாவது அடியில பிள்ளைக கொஞ்சம் முந்தி ஓடிட்டாங்க. அந்தப் பெட்டி நிக்காதுங்களே, அதான்" என்றார். அவ்வளவுதான்!

சில வாரங்கள் கழித்து வேறொரு வேலையாகக் கோவைக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தோம். நம் ஊரை ஊடறுத்துச் செல்வது திருச்சிச் சாலை. பல்லடம், சூலூர் கடந்து, கோவை நகருக்குள் நுழையுமுன் சிங்காநல்லூரைத் தொடும். வழிநெடுகக் கைப்பேசியில் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதனின் பழைய பேட்டியொன்றைக் கேட்டுவந்தோம். அவர் வாழ்வில் பலமுறை சொன்ன கதை அது. கதை நடந்த இடம், நாம் கேட்டுக்கொண்டு போன அதே சாலை! சிங்காநல்லூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டூடியோ.

1940களின் பிற்பகுதி. ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனத்தார் அந்த ஸ்டூடியோவில் படமெடுத்து வந்த காலம். இசை, எஸ்.எம். சுப்பையா நாயுடு. அவரிடம் எடுபிடியாக, ஆர்மோனியத்தைத் தூக்கவும் துடைக்கவும் இருந்த பையன் விசுவநாதன். 1928இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். 1948இல் வெளிவந்த 'அபிமன்யு' படத்திற்கு ஒரு பாட்டு, மெட்டு அமையவில்லை. நாயுடு உணவுக்கு எழுந்து போனார். பையன் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தான். வரிகளை வைத்து ஒரு மெட்டை முனகினான். திரும்பி வந்த நாயுடு கேட்டுவிட்டார். அந்த மெட்டையே எடுத்துக்கொண்டார். படத்தில் நாயுடு பெயரிலேயே அது வந்தது. வெளியில் சொல்லாதே என்றும் பையனிடம் சொல்லி வைத்தார்; எடுபிடிப் பையன் போட்டதென்றால் ஏற்க மாட்டார்கள் என்பது அவர் அச்சம்.

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் அது நம் கதை! பேருந்துச் சன்னலோரம் நமக்கு வியர்த்தது.

ஆனால் முடியவில்லை. ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தபோது, கோவையில் இருந்தோர் பலருக்கு வேலை போகும் நிலை வந்தது. அப்போது நாயுடு முதலாளி சோமசுந்தரத்திடம் போனார். என் பெயரில் வந்த அந்த மெட்டு இவன் போட்டது, இவனைக் கைவிடாதீர்கள் என்று தாமே உண்மையை உடைத்துச் சொன்னார். அதன் பயனாகத்தான் பையன் சென்னை சேர்ந்தான், சி.ஆர். சுப்பராமன் குழுவில் இடம் கிடைத்தது. புகழெல்லாம் வந்த பிறகு, விசுவநாதன் தம் ஆசானைத் தம் இல்லத்திலேயே வைத்துக் காத்தார். 1979இல் நாயுடு மறைந்தபோது மகனுக்குரிய கடமையைச் செய்தவரும் அவரே.

அதே 'அபிமன்யு' படத்தில் இன்னொரு பெயரும் விடுபட்டிருக்கிறது. உரையாடல் எழுதியவர்களில் ஒருவர் கலைஞர் மு. கருணாநிதி. திரையில் அவர் பெயர் வரவில்லை. அந்த மனக்கசப்போடு கோவையை விட்டுத் திருவாரூருக்குத் திரும்பியதைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். அவருக்கு அப்போது ஏறத்தாழ 24 வயது, விசுவநாதனுக்கு ஏறத்தாழ 20. ஒரே ஊர், ஒரே கொட்டகை, ஒரே படம், இரண்டு இளைஞர், இரண்டு பெயரும் இல்லை! எழுதியவன் கைக்கு வலி வேறு, பெயருக்கு வலி வேறு. இரண்டாவது வலி ஆறுவதற்கு நெடுநாளாகிறது.

நாயுடுவை இங்கே தெய்வமாக்க நாம் வரவில்லை. மறைத்தார் என்பது உண்மை. ஆனால் மறைத்ததைத் தாமே திறந்தார் என்பதும் உண்மை. யாரும் கேட்காதபோது, திறப்பதால் தமக்கு ஒரு காசு வரவில்லை என்னும்போது, திறந்தார். பொன்னாடை போர்த்திக்கொண்ட ஆசிரியருக்கு அந்தப் பேருந்துப் பயணத்தில் உறைத்தது இதுதான்.

விசுவநாதன் கதையில் நட்பின் இன்னோர் அத்தியாயமும் உண்டு. சுப்பராமன் 1952இல் இளவயதிலேயே மறைந்தார். அவர் குழுவில் பிடில் வாசித்த டி.கே. ராமமூர்த்தியும் விசுவநாதனும், அவர் பாதியில் விட்டுச்சென்ற படங்களின் வேலையைச் சேர்ந்து முடித்துக் கொடுத்தனர். அதே ஆண்டில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படம். இருவர் பெயரும் இணைந்தே வந்தது. ராமமூர்த்தி 1922இல் பிறந்தவர், மூத்தவர். ஆயினும் விசுவநாதன் பெயர் முன்னால் நின்றது. மூத்தவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று கலைவாணர் கூறியதாகச் சொல்வார்கள். பதின்மூன்று ஆண்டு தாங்கினார். 1963இல் மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் இருவருக்கும் ஒருசேரக் கிடைத்தது. 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தனர். 1995இல் ஒரேயொரு படத்திற்காக மீண்டும் சேர்ந்தனர். ஏன் பிரிந்தனர் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லித் திரிவதில் நமக்கு ஆர்வமில்லை. பதின்மூன்று ஆண்டு எந்த மெட்டு எவருடையது என்று கேட்டவர்க்கு, எங்களுடையது என்று சொல்லி வாழ்ந்தார்களே, அதுதான் வியப்பு!

நம் வட்டத்துக்கு அருகிலேயே இன்னொரு சான்று உண்டு: உடுமலைக்குப் பக்கத்துப் பூளவாடியில் 1899இல் பிறந்த நாராயண கவி. நாடகக் கொட்டகைக்குப் போகுமுன்பே அவர் காதில் விழுந்தது தெருவின் தம்பட்டமும் உடுக்கடிப் பாட்டும் கும்மியும். பின்னாளில் கலைவாணரோடு சேர்ந்து அவர் ஊட்டிய பகுத்தறிவு, பாமரன் நாவில் ஏறியதற்குக் காரணம் கருத்து மட்டுமன்று, தெருவின் தாளமும்தான். கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தாளம் தந்தவனைத் தெருவிலேயே விட்டுவிட்டால்?

விட்டுவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று கேட்டோம். நியாயமான கேள்வி, வென்ற கேள்வி. பாட்டின் மொழி மாறியது. பாட்டுக்குப் பக்கத்தில் உட்காரும் கருவி மாறியதா? கானாடுகாத்தானில் நாகசுர வித்துவான் சிவக்கொழுந்தின் தோள் துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்காதே, வாசி என்று பக்கத்தில் நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. நம் இயக்க மேடைகளில் எத்தனை முறை சொல்லிச் சொல்லி மகிழ்ந்த நிகழ்ச்சி! அழகிரி அங்கு ஒரு கட்டுரை வாசிக்கவில்லை. பக்கத்தில் நின்றார்.

அந்த நினைப்போடுதான் அடுத்து வந்த பொங்கலன்று, ஊர்ப் படிப்பகத்து விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்தோம். "ஆண்டுவிழாவில் பிள்ளைகள் பாடிய பாட்டுக்கு மெட்டு நம்முடையதன்று" என்றோம். நண்பரின் பெயரைச் சொன்னோம். அவர் தந்தையின் பெயரையும் சொன்னோம். எந்தத் தெரு என்பதையும் சொன்னோம். கூட்டத்தில் சிலர் தட்டினர், சிலர் எழுந்தனர். நம் தந்தையார் ஒரு மாதம் நம்மோடு பேசவில்லை. அம்மா மட்டும், "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஆகாதாக்கும்?" என்றார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை.

பாரம் இறங்கிவிட்டதென்று எண்ணி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனோம். நண்பர் ஓலைக்குத் தீ வைத்துக் கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று உள்ளூர எதிர்பார்த்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"பேரைச் சொன்னீங்க, சந்தோசமுங்க" என்றார். தோலை அனலில் திருப்பினார். "ஆனா அப்பவும் நான் கீழதானுங்களே நின்னேன், வாத்தியாரே?"

தீ சடசடத்தது. நாம் வாய் திறக்கவில்லை.

உண்மைதானே! மேடையில் நின்று அவர் பெயரைச் சொன்னவர் நாம். கீழே நின்று தம் பெயரைக் கேட்டவர் அவர். அன்று பொன்னாடை, இன்று வாய்மை. இரண்டும் நம் தோளுக்கே வந்து சேர்ந்தன! அவரை மேலே அழைத்திருக்க வேண்டும் என்பது ஏன் தோன்றவில்லை? பட்டப்படிப்பும் பகுத்தறிவும் படித்த நெஞ்சில் எந்த மூலையில் அது ஒளிந்திருந்தது?

நண்பர் பேச்சை மாற்றினார். கைப்பேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். மதுரைப் பக்கத்துப் பறையிசை ஆசான் வேலு. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில் மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில்கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு. 87 வயதில், பெண்களையும் கும்மிக்குள் சேர்த்து ஆடவைத்த கொங்குப் பெரியவர் அவர். "டில்லியில மேடை குடுத்துட்டாங்க. நம்ம பள்ளிக்கூடம் டில்லியை விடத் தூரமாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

அந்த மாலையிலிருந்து நாமும் குச்சி பிடிக்கிறோம். அடிக்குச்சி விரைவில் பணிந்தது; சுண்டுக்குச்சி இன்னும் பணியவில்லை. இடக்கை ஆட்காட்டி விரலில் கொப்புளம் எழுந்து உடைந்து மீண்டும் எழுந்திருக்கிறது. கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகள் கேட்கிறார்கள்; சொல்கிறோம். இரண்டு மாணவியர் தாமும் கற்க வேண்டும் என்றனர். அவர்களில் ஒருத்தி ஊருக்குள்ளிருந்து வருபவள்; அவள் வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். அவளை எப்படி அழைத்துச் செல்வது, அவள் தந்தையிடம் என்ன சொல்வது என்பது இப்போது எங்கள் இருவருக்கும் பெருங்கவலை. நண்பரின் தந்தையார் ஒருநாள் கரைக்கு வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். நாம் அடித்ததைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொள்கையால் திருப்பினாரா, நாம் அடித்த இலட்சணத்தால் திருப்பினாரா, கேட்கவில்லை.

இவ்வாண்டு விழாவிற்கும் அதே பாட்டைத்தான் வைத்திருக்கிறோம். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்: தப்பட்டை மேடை ஏறாவிட்டால் பாட்டும் ஏறாது, நாமும் ஏறமாட்டோம். நெடுநேரம் யோசித்தார். ஏறட்டும் என்றார். பந்தல் கொடுத்த பெரியவர்களில் இருவர் இம்முறை கொடுக்கவில்லை. ஒருவர் கொடுத்தார், ஏனென்று சொல்லவில்லை. ஆசிரியர்கள் கூடிப் பணம் போட்டிருக்கிறோம். பந்தல் சிறிதாகத்தான் இருக்கும்.

சென்ற வாரம் அழைப்பிதழ் அடிக்க நாங்கள் இருவரும் அச்சகத்திற்குச் சென்றோம். யார் பெயர் முன்னால் என்று அங்கே ஒரு வழக்கு. நண்பர் நம்மைவிட மூன்று வயது மூத்தவர். "உங்க பேரே முன்னால இருக்கட்டுமுங்க" என்றார் அவர். கலைவாணர் கதையைச் சொல்லி மறுத்தோம். மூத்தவர் பின்னால் நின்றதாகத்தானே அந்தக் கதை, அப்படியானால் தாம் சொல்வதுதான் சரி என்று மடக்கினார். அச்சகத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் மெட்டு முதல் வரியிலும் பாட்டு இரண்டாம் வரியிலும் போகட்டும் என்று முடிவாயிற்று. மெட்டில்லாமல் அந்தப் பாட்டு நடந்திருக்காது என்பதற்கு நாமே சாட்சி.

அச்சகத்துக்காரர் எழுதிக்கொண்டே வந்து நிமிர்ந்தார். "சாருக்கு பி.ஏ., பி.எட்.னு போட்டாச்சு. இவரு பேருக்குப் பின்னால என்னங்க போடறது?"

நாம் வாயெடுக்குமுன் நண்பர் சொன்னார்:

"தப்பட்டைன்னு போடுங்க."